வீட்டில் வேற யாரும் இல்லையா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துத் தந்த ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, நம் வாசகர் வட்டத்துக்கு எப்போதும் கூடத்தைத் திறந்துவிடும் நூலகர் அம்மா அவர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கல், படம், தொட்டில். இந்த மூன்றைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கல் என்றால் கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நனைத்து மையை உருட்டினால், ஈரத்தில் மை ஒட்டாது, கோட்டில் மட்டும் ஒட்டும். பாரிஸில் 'லெ ஷாரிவாரி' பத்திரிகை இப்படித்தான் நாள்தோறும் படம் போட்டது. அதில் வரைந்தவர் ஓனோரே தோமியே. சாதாரண ஆள் இல்லை; மன்னர் லூயி பிலிப்பைக் காசு விழுங்கும் பூதமாக வரைந்ததற்காக 1832இல் சிறைக்குப் போனவர். 1835இல் தணிக்கைச் சட்டம் இறுகியதும் வீடுகளுக்குள் பார்வையைத் திருப்பினார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பாரிஸ் வீடுகளில் கண்டதெல்லாம் அவர் சட்டியில் இருந்தது.

சரி, படத்துக்கு வருவோம். 1844. 'நீலக் காலுறைகள்' என்ற வரிசை, மொத்தம் 40 படங்கள். இலக்கியம் படிக்கவும் எழுதவும் ஆசைப்பட்ட பெண்களை அப்படித்தான் கேலியாக அழைத்தார்கள். ஒருத்தி மேசையில் குனிந்து எழுதுகிறாள். பக்கத்தில் குளியல் தொட்டிக்குள் அவள் குழந்தை தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. தாய் எழுத்தின் நெருப்பில், பிள்ளை தொட்டித் தண்ணீரில் என்று கீழே ஒரு வரி.

போன மாதம் இதை அக்கா வீட்டில் போனில் காட்டினேன். மச்சான் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். அத்தை, "எழுதுற பொம்பளைக்குப் பிள்ளை எதுக்கு" என்றார். தோசைமாவு கரைத்துக்கொண்டிருந்த அக்கா, கையைக்கூடத் துடைக்காமல் எட்டிப் பார்த்து, "வீட்டில் வேற யாரும் இல்லையா?" என்றார். மச்சான் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் அக்கா உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். கல்லூரியில் கதை எழுதியவர் என்று எனக்குத் தெரியும், கல்யாணத்துக்குப் பிறகும் எழுதினார் என்று தெரியாது. கடைசிப் பக்கத்தில் "கதவைத் திறந்ததும்" என்று இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் மூத்தவனுக்குக் காய்ச்சலாம். இப்போது அவனுக்கு 11 வயது. யார் கதவைத் திறந்தார்கள், உள்ளே யார் இருந்தார்கள் என்று அக்காவுக்கே மறந்துபோய்விட்டது!

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்கிறோமே, பெண்களின் சட்டியில் ஒரு மணி நேரமாவது போட்டோமா?

அதே 1844இல், அதே பாரிஸில், நவம்பர் மாதம் ஷையோ பகுதியில் ஃபிர்மான் மார்போ என்பவர் முதல் குழந்தைகள் காப்பகத்தைத் திறந்தார். வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்காக. நான் சொன்ன தொட்டில் இதுதான். எனக்குத் தோமியேவைப் பிடிக்கும், ஆனால் இந்த விஷயத்தில் மார்போ பக்கம்தான் நிற்பேன்.

உறுப்பினர் அவர்களே, இந்த நூலகத்தின் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. வாரம் இரண்டு மாலை, நான்கு பாய், சம்பளத்துக்கு ஓர் ஆயா. கீழே தாய்மார்கள் படிக்கட்டும், எழுதட்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து அக்காவுடையது, இரண்டாவது மச்சானுடையது.