ஹனோய் தெருவை அம்மாவோடு எப்படிக் கடப்பது?

அடுத்த கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "நானும் 68 வயதான அம்மாவும் அடுத்த மாதம் வியட்நாம் போகிறோம், ஹனோயில் ஐந்து நாள் தங்கல். அங்கே பைக்குகள் நிற்காமல் வருவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ரோட்டை எப்படிக் கடப்பது? பைக் வாடகைக்கு எடுக்கலாமா?"

சரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் பயம் நியாயமானது. அந்த நாட்டில் பதிவான இருசக்கர வாகனங்களே 6 கோடிக்கு மேல். ஹனோயின் பழைய நகரப் பகுதியில் தெருக்கள் குறுகல், நடைபாதையை நிறுத்தி வைத்த பைக்குகள் அடைத்திருக்கும், அதனால் நீங்கள் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டி வரும். ஜீப்ரா கோடு போட்டிருப்பார்கள், ஆனால் அதில் கால் வைத்துவிட்டால் வண்டி நிற்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இடைவெளி கிடைக்கட்டும் என்று ஓரத்தில் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அங்குள்ளவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று பத்து நிமிடம் பாருங்கள். மெதுவாக இறங்குவார்கள், ஒரே வேகத்தில் நடப்பார்கள், வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நெரிசலில் பைக்குகள் குறைந்த வேகத்தில்தான் வரும். ஓட்டுகிறவர் உங்களைத் தூரத்திலேயே பார்த்து, அடுத்த இரண்டு நொடியில் இந்த ஆள் எங்கே இருப்பார் என்று கணக்குப் போட்டு, உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ வளைத்துக்கொண்டு போகிறார். நீங்கள் திடீரென்று நின்றாலோ, ஓடினாலோ, பின்வாங்கினாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். எனக்கே முதல் நாள் இது நடந்தது. பாதி ரோட்டில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டு ஓர் அடி பின்னால் வைத்தேன், என் பின்பக்கமாகப் போகலாம் என்று வந்த பைக்காரர் பதறிப்போய் பிரேக் பிடித்தார், அவருடைய ஹேண்டில்பார் என் பை வாரில் மாட்டியது, நல்ல வேளையாக யாரும் விழவில்லை. அங்கே ஹாரன் பெரும்பாலும் 'நான் வருகிறேன்' என்று சொல்வதற்குத்தான், உங்களை விரட்டுவதற்கு இல்லை. அதைக் கேட்டு நடையை மாற்றாதீர்கள்.

ஆனால் இது மெதுவாக வரும் பைக், ஸ்கூட்டருக்கு மட்டும்தான் பொருந்தும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடியோக்களில் 'தைரியமாக நடங்கள், எல்லாரும் விலகுவார்கள்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். கார், பஸ், லாரி உங்களுக்காக வளைந்து போக முடியாது. அவை வந்தால் போகும்வரை நில்லுங்கள். அகலமான, வேகம் கூடிய சாலையிலும் இந்த முறை வேண்டாம், வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகிவிடும். அங்கே சிக்னல் உள்ள சந்திப்பு வரை நடந்து போய்க் கடங்கள். சிக்னலை மீறினால் அபராதம் 2025 ஜனவரி 1 முதல் பல மடங்கு கூடியிருக்கிறது, ஆனாலும் பச்சை விழுந்ததும் திரும்பி வரும் வண்டிகளைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

அப்புறம் அம்மா விஷயம். வண்டி வரும் பக்கம் நீங்கள், மறுபக்கம் அம்மா, கையைக் கோத்துக்கொண்டு அம்மாவின் வேகத்தில் நடங்கள். அப்படி நடந்தால் வருகிறவர் கண்ணுக்கு நீங்கள் இருவரும் ஒரே ஆள் மாதிரித் தெரிவீர்கள், அவருக்கு வளைவது எளிது. இருவழிச் சாலையில் நடுவில் திட்டு இருந்தால் அங்கே நின்று பக்கம் மாறிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஊர்க்காரர் யாராவது கடக்கும்போது அவருக்குப் பக்கத்திலேயே சேர்ந்து போய்விடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போனைக் கையில் எடுக்கவே வேண்டாம், மேப் பார்ப்பதெல்லாம் ஓரத்தில் நின்று பாருங்கள்.

இன்னொன்று, அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் பழகியவர்களுக்குத் தலை தானாக வலப்பக்கம்தான் திரும்பும், ஆனால் இறங்கியவுடன் ஆபத்து வருவது இடப்பக்கத்திலிருந்து. லண்டனில் இந்தத் தடுமாற்றத்துக்காகவே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ரோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹனோயில் ஓரமாக எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் உண்டு, அதனால் இடம் பார்த்து, வலம் பார்த்து, மறுபடி இடம் பாருங்கள். முதல் நாளைவிட மூன்றாவது நாள் கவனமாக இருங்கள், பயம் போனதும் பழைய பழக்கம் திரும்பிவிடும்.

பைக் வாடகைக்கு? வேண்டாம். உங்கள் லைசென்ஸ் அங்கே செல்லாவிட்டால் விபத்து நடந்தபின் டிராவல் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது சந்தேகம்தான், வாடகைக் கடைக்காரர் லைசென்ஸ் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகிவிடாது. அம்மாவோடு போகும்போது கிராப் (Grab) என்ற வாடகை வண்டி ஆப்பில் காரே கூப்பிடுங்கள். நீங்கள் தனியாக பைக் டாக்சியில் ஏறினால் ஓட்டுகிறவரிடம் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டு, வாரைப் பூட்டிக்கொள்ளுங்கள், 2007 டிசம்பரிலிருந்து பின்னால் உட்காருகிறவருக்கும் அது கட்டாயம்.

பயணத் தேதியை மாற்ற முடிந்தால் வெள்ளிக்கிழமை போய்ச் சேருங்கள். வார இறுதியில் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளை விடமாட்டார்கள், முதல் இரண்டு நாள் அம்மா அங்கே நிம்மதியாக நடக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு தெருவைப் பார்த்து அவர் தயங்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள், எதிர்ப்பக்கம் போவதற்காகவே ஒரு கார் பிடித்தாலும் பரவாயில்லை.