திரையில் இடது அம்புக்குறியும் குப்பை எழுத்தும் வருகிறதா? பழைய புரோகிராமைத் தூக்கிப் போடாதீர்கள்!

[திரையில்: கறுப்பு ஜன்னல். வரிக்கு வரி ←[31 என்று தொடங்குகிறது]

வணக்கம்! சிங்கப்பூரில் ஜூரோங், துவாஸ் பக்கம் கிடங்குகளில் சரக்குக் கணக்குப் பார்க்கும் கறுப்புத் திரை புரோகிராம்களை இன்னும் பார்க்கலாம். கணினியை மாற்றியதும் திரை இப்படி ஆகிவிட்டதா? புரோகிராம் கெட்டுப்போகவில்லை. பயப்படாதீர்கள்.

வரலாறு இரண்டே வரி. திரையில் தெரியும் இந்தக் குப்பை, நிறத்தை மாற்றச் சொல்லும் குறியீடுகள்; 1978-இல் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விடி100 முனையம் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி) இவற்றைப் பரவலாக்கியது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஆன்சி.சிஸ் என்ற டிரைவர் (துணை மென்பொருள்) இவற்றைப் புரிந்துகொண்டது.

[திரையில்: அம்புக்குறி மட்டும் பெரிதாக]

இப்போது இந்த அம்புக்குறியைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதுதான் எஸ்கேப், அடுத்து வருவது கட்டளை என்று சொல்லும் குறி, எண் 27. உண்மையில் இது கண்ணுக்குத் தெரியவே கூடாது. பழைய ஐபிஎம் எழுத்துத் தொகுப்பில் 27-ஆம் இடத்தில் இடது அம்பின் உருவம் இருந்தது. அதைத்தான் விண்டோஸ் இன்றும் வரைந்து காட்டுகிறது. அடுத்து வரும் 31, சிவப்புக்கு மாறு என்ற கட்டளை. 0 வந்தால் பழைய நிறத்துக்குத் திரும்பு. நாடகப் பிரதியில் 'அழுதபடி' என்று இருப்பதை நடிகர் அழாமல் வாய்விட்டுப் படித்தால் எப்படி இருக்கும்? அதேதான் இங்கே நடக்கிறது.

சரி, மருந்து. விண்டோஸ் 10-இன் 1511 பதிப்பிலேயே இந்தக் குறியீடுகளைப் புரிந்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. ஆனால் இப்போது புரோகிராமே விண்டோஸிடம் கேட்டால்தான் கிடைக்கும். பழைய புரோகிராமுக்குக் கேட்கத் தெரியாதே!

[திரையில்: ரெஜிஸ்ட்ரி எடிட்டர்]

விண்டோஸின் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கரண்ட் யூசர் (HKEY_CURRENT_USER) பகுதிக்குள் கன்சோல் (Console) போங்கள். அங்கே 'விர்ச்சுவல்டெர்மினல்லெவல்' (ஆங்கிலத்தில் VirtualTerminalLevel) என்ற பெயரில், இடைவெளி விடாமல், ஒரு டிவேர்ட் (DWORD, எண் மதிப்பு) உருவாக்கி 1 கொடுங்கள். ஜன்னலை மூடித் திறந்தால் நிறம் வந்துவிடும். இது உங்கள் பயனர் கணக்கில் ஓடும் எல்லாக் கன்சோல் புரோகிராமுக்கும் பொருந்தும். அதனால் புரோகிராமை எழுதிய சோர்ஸ் கோட் கையில் இருந்தால், புரோகிராம் விண்டோஸிடம் வசதியைக் கேட்கும் செட்கன்சோல்மோட் (SetConsoleMode) அழைப்பில் 4 என்ற மதிப்பைச் சேர்ப்பதுதான் நல்லது என்பேன்.

16-பிட் டாஸ் புரோகிராமா? 64-பிட் விண்டோஸில் அது ஓடவே ஓடாது. பழைய டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளுக்குப் போங்கள்.

அப்புறம், வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் அந்தக் குறியீடுகளும் கூடவே போய் உட்காரும். ரெஜிஸ்ட்ரியை மாற்றினாலும் அது போகாது. உங்களுக்கு எந்தப் புரோகிராம் தொல்லை தருகிறது? விண்டோஸ் பதிப்பையும் சேர்த்து கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.