பெட்டி காலியாக வரவேண்டுமா?

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தையில் சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றை நடத்துகிறவள் என்பதால், பிள்ளைகளின் சாப்பாடு பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் எங்கள் வாசலில் அம்மாமார் கேட்கிற முதல் கேள்வி, "மிஸ், முழுக்க முடிச்சவரா?" என்பதுதான். வேலைக்குப் போகிற தாய்க்கு அது நியாயமான கவலை. காலை ஏழரைக்கு விட்டுப்போன பிள்ளை, அன்றைய சாப்பாட்டில் பெரும்பங்கை எங்களிடம்தான் சாப்பிடுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே பல நிலையங்களில் மத்தியானம் ஒரு யுத்தம் நடக்கிறது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் கார்ட்டூன் ஓடுகிற ஃபோன், கடைசி நாலு வாய் திணிப்பு. சாப்பாட்டுப் பெட்டி காலி. பிள்ளைக்கோ அடுத்த நாள் பெட்டியைக் கண்டாலே அழுகை.

என்ன கொடுப்பது, எத்தனை மணிக்கு, எங்கே இருத்தி என்பதெல்லாம் பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு சிறியது. இன்றைக்கு மூன்று வாய், நாளைக்கு ஒரு பீங்கான் என்று மாறி மாறித்தான் போகும்.

எங்களிடம் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பருப்போடு முருங்கைக்கீரை போட்டால், ஒவ்வோர் இலையாகப் பொறுக்கிப் பீங்கான் விளிம்பில் ஒட்டிவைப்பான். அப்படி ஒரு பொறுமை! நாங்கள் வாய் திறப்பதில்லை. கீரை விரும்பிச் சாப்பிடுகிற பிள்ளையொன்றைப் பக்கத்தில் இருத்தி, ஒரு தேக்கரண்டி மட்டும் வைத்துக்கொண்டே வந்தோம். விளிம்புக்குப் போகிற இலைகள் மெல்ல மெல்லக் குறைந்தன. புதுச் சாப்பாடு ஒன்று பழக 8 தொடக்கம் 15 தடவைகூட எடுக்கும். இரண்டாம் நாளே "இவருக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால், பிள்ளையும் அதையே நம்பிவிடும்.

சரி, பசியே இல்லாத பிள்ளை எதைச் சாப்பிடும்? பத்து மணிக்குக் கிரீம் பிஸ்கட், பதினொன்றுக்குப் பால் போத்தல், பன்னிரண்டுக்குச் சோறு. இந்த அட்டவணையில் தோற்பது சோறுதான். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு அரை லீற்றர் பால் போதும். அதற்கு மேலே போனால் வயிறு நிரம்பும், இரும்புச்சத்து குறையும். சாப்பாட்டோடு பிளேன்டீ கொடுக்கிற வழக்கமும் அப்படியே. சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலை தடுக்கும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் நேர்மாறு. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பைப் போக்கி, பிட்டோடு உதிர்த்துப் போடலாம். விலையும் கையைக் கடிக்காது. பத்து மணிக்கு அவித்த கடலை மசியல், வாழைப்பழம், பப்பாசி என்று ஏதாவது வையுங்கள்.

2016 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டுகிறார்கள். "பழச்சாறு" என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு அந்த நிற வட்டத்தைப் பாருங்கள். பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலில் தண்ணீரே இருக்கட்டும்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். ஐந்து வயதுக்குள் முழுக் கச்சான், முழுத் திராட்சை, கட்டி டொஃபி வேண்டாம்; தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், கச்சானை மாவாக இடியுங்கள். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். பிறந்தநாள் என்று டொஃபிப் பை கொண்டுவருகிறவர்களிடம் அதை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம், கோபிக்காதீர்கள். பழம் கொண்டுவந்தால் நாங்களே வெட்டிப் பரிமாறுகிறோம். வணக்கம்.