தீந்து போற கடையில சாப்பிடுங்க

நடுவர் அய்யாவுக்கும், பொங்கல் பனியில மப்ளர் கட்டிகினு உக்காந்திருக்கிற நகரி ஜனங்களுக்கும், புத்தூர்ல இருந்தும் ஏகாம்பரகுப்பத்துல இருந்தும் வந்திருக்கிற அண்ணன் அக்காங்களுக்கும் வணக்கம். மெட்ராஸுக்கு போனா சாப்பிட ஏத்த எடம் ஏசி ரெஸ்டாரண்டா, மெஸ்ஸான்னு தலைப்பு குடுத்திருக்காங்க. நான் மெஸ் கட்சி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி தங்கச்சி மூணு விஷயம் சொன்னாங்க, ஏசி ஓட்டல்ல சுத்தம் இருக்கு, ஃபோன்ல ஸ்டார் பாத்துட்டு போனா ஏமாற மாட்டோம், கொழந்தைங்க எது கேட்டாலும் ஒரே எடத்துல கெடைக்கும்னு. நல்லாதான் பேசினாங்க. மூணாவதுல இருந்து பதில் சொல்றேன், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு.

நான் இருவது வருஷமா நம்ம ஊர் தறியில நெய்யற லுங்கிய பண்டல் கட்டி ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவுக்கு எடுத்துகினு போறேன், வாரத்துல ஒரு நாள், காலைல ரயில் ஏறினா ராத்திரிதான் வீடு. அப்போ ஆயிரம் மத்தியானம் மெட்ராஸ்ல சாப்பிட்டிருக்கேன் அய்யா. ஆயிரம் எல சாப்பாடு எனக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான், எந்தக் கடையில "தீந்துடுச்சுங்க"ன்னு சொல்றாங்களோ அந்தக் கடைக்கு மறுநாள் சீக்கிரமா போயி சாப்பிடணும்.

ஏன்னு கேளுங்க. ஒரு ரெஸ்டாரண்ட்ல எரநூறு ஐட்டம் போட்ட கார்ட கையில குடுக்கறாங்க, எரநூறும் அன்னிக்கு காலைல ஆக்கினதா இருக்குமா? இருக்க முடியாது. செவப்பு கிரேவி ஒண்ணு, வெள்ளை கிரேவி ஒண்ணு, மொத்தமா செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவாங்க, நாம பன்னீர் கேட்டா பன்னீர், காளான் கேட்டா காளான், அதுல போட்டு சூடு பண்ணி மேல கொத்தமல்லி தூவி எடுத்துகினு வருவாங்க. பேரு பத்து, ருசி ஒண்ணு. கொழந்தை கேக்கிறது எல்லாம் கெடைக்குதுன்னு தங்கச்சி சொல்றது இதத்தான். மெஸ்ல அப்படி கெடையாது, காலைல சந்தையில வாங்கின காய், ஒரு சாம்பார், ஒரு வத்தக்கொழம்பு, ரசம், கூட்டு, பொரியல், மோர், அவ்ளோதான், மூணு மணிக்கெல்லாம் அண்டா காலியாயி கவுத்து வெச்சுடுவாங்க. பழச வெக்கறதுக்கு அங்க எடமும் இல்ல, பொட்டியும் இல்ல.

திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸுக்கு போய் பாருங்க. டோக்கன் வாங்கிகினு வெளிய நிக்கணும், நம்ம நம்பர் வந்தாதான் உள்ள. மேன்ஷன்ல தங்கி வேலை தேடற பசங்க, ஆபீஸ் போறவரு, வயசான தாத்தா எல்லாரும் ஒரே பெஞ்சுல. அதே திருவல்லிக்கேணில ரத்னா கஃபே, 1948ல ஆரம்பிச்சது, இட்லி கேட்டா ஜக்குல சாம்பார் எடுத்து வந்து இட்லி முழுகற அளவுக்கு ஊத்துவாங்க, போதும்னு நாம சொல்ற வரைக்கும். மயிலாப்பூர் அருண்டேல் தெருவுல ராயர் மெஸ், நம்ம வீட்டு நடையளவுதான் எடம், காலைல கொஞ்சம் அசந்து போனா நாஷ்டா தீந்துடும். அந்தத் தீந்துடுச்சுங்கற வார்த்தைக்கு மேல எந்த ஸ்டார் வேணும்?

பர்மா பஜார் பக்கத்து செகண்ட் லைன் பீச் தெருவப் பத்தி சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. 1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிய எல்லாம் எடுத்துகினு, நம்ம தமிழ் ஜனங்கள அனுப்பினாங்க. கப்பல் ஏறி வெறுங்கையோட மெட்ராஸ் வந்தவங்க அங்க சாப்பிட்ட சாப்பாட்ட மட்டும் கூட கொண்டாந்தாங்க. அத்தோ. தடியான நூடுல்ஸ், மெலிசா நறுக்கின கோஸு, வெங்காயம், புளித்தண்ணி, வறுத்த பூண்டு, மொளகாத்தூள், எல்லாத்தையும் கண் முன்னாடியே கையால பெசஞ்சு தட்டுல வெச்சு, பக்கத்துல சுடச்சுட வாழத்தண்டு சூப் ஊத்துவாங்க. அறுவது வருஷத்துக்கு மேல ஆகுது, இன்னும் தள்ளுவண்டியிலயும் சின்ன கடையிலயும்தான் இருக்கு. பொழைக்க வந்தவங்க சாப்பாடுங்க அது, நின்னுகினேதான் சாப்பிடணும், எனக்கு அது கொறையாவே தெரியல.

ஆந்திரா மெஸ் எதுக்கு, வீட்லயே பப்பு சாப்பிடறோமேன்னும் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு அதுல ஒரு விஷயம் இருக்கும்மா. 1953ல ஆந்திரா பிரிஞ்சப்போ தெலுங்குக்காரங்க "மெட்ராஸ் மனதே", மெட்ராஸ் நம்மளுதேன்னு கேட்டாங்க, கெடைக்கல. 1960 ஏப்ரல் 1ல திருத்தணி தமிழ்நாட்டுக்கு போச்சு, நகரி இந்தப் பக்கம் ஆந்திராவுலயே நின்னுடுச்சு, எங்க நைனா பொறந்த வீடு ஒரு ஸ்டேட்டு, எங்க அம்மா பொறந்த வீடு ஒரு ஸ்டேட்டு. ஆனா மெட்ராஸ் மெஸ்ல இன்னிக்கும் பருப்புப்பொடியும் நெய்யும் கோங்கூராவும் ஆவக்காயும் மொதல்ல வருது, அப்புறம் சாம்பார், ரசம். அந்த எலையில உக்காரும்போது நான் எந்த ஸ்டேட்டுன்னு யாரும் கேக்கல, எனக்கும் ஞாபகம் வரல.

இப்ப ஸ்டாருக்கு வர்றேன். ஃபோன்ல ஸ்டார் போட்டவரு யாரு, எந்த ஊரு, அந்தக் கடையில எத்தன தடவ சாப்பிட்டாரு, ஒண்ணும் தெரியாது. எனக்கு மெஸ் காட்டினவரு கோடவுன் தெருவுல மூட்டை தூக்கற ஒரு அண்ணன். அவருக்கு ஒரு நாள் வயிறு கெட்டா அன்னிக்கு கூலி போச்சு, அதனால கெட்ட கடையில ரெண்டாவது தடவ கை நனைக்க மாட்டாரு. சுத்தத்துக்கும் இதுதாங்க என் பதில், சொந்த துட்டுல தெனம் சாப்பிடறவரு நம்பற கடை சுத்தமாதான் இருக்கும். மெஸ்ல அடுப்பு கண்ணுக்கு தெரியும், அண்டா தெரியும், பரிமாறறவரு கை தெரியும். ரெஸ்டாரண்ட்ல கதவு ஆடறதுதான் தெரியும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், பொம்பளைங்களுக்கு பாத்ரூம் வசதி பல மெஸ்ல இல்ல. அது உண்மையான கஷ்டம், என் வீட்டம்மா எத்தனையோ தடவ சொல்லி இருக்கு, மெஸ் நடத்தறவங்க அத செஞ்சே ஆகணும்.

துட்டு விஷயம் பேசணும். போன வருஷம் புள்ளைங்களோட ஒரு ஏசி ரெஸ்டாரண்டுக்கு போனேன். உக்காந்த உடனே பாட்டில் தண்ணிய ஒடச்சு வெச்சாங்க. சின்னவன் தயிர்சோறு கேட்டான், அது மட்டும் இல்லன்னாங்க. கடைசியில பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு தனியா ஒரு வரி, அதுக்கும் சேத்து ஜிஎஸ்டி. அப்ப எனக்கு தெரியல, கட்டிட்டு வந்துட்டேன். அப்புறம்தான் வெவரம் தெரிஞ்சுது, சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் கெடையாதுங்க, அத தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் அதையே சரின்னு சொல்லிச்சு. எடுத்துடுங்கன்னு கேக்கலாம், எடுக்கலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஃபோன் போட்டு புகார் குடுக்கலாம். மெஸ்ல இந்த வேலையே இல்ல, கல்லாவுல துட்ட குடுத்துட்டு டோக்கன் வாங்கினா முடிஞ்சுது, ரெண்டாவது தடவ சோறு கேட்டா மொகத்த பாத்து போடுவாங்க.

அய்யா மணி அடிச்சிட்டாங்க, இன்னும் ஒரே நிமிஷம். எங்க நைனாவ சென்ட்ரலுக்கு எதிர்ல பெரியாஸ்பத்திரில சேத்திருந்தோம், இருவத்தோரு நாள். கையில இருந்த துட்டு மருந்துக்கும் போக்குவரத்துக்கும் போயிடுச்சு. ஆஸ்பத்திரி வளாகத்துலயே அம்மா உணவகம் இருந்துச்சு, 2013ல சென்னை மாநகராட்சி ஆரம்பிச்சது, ஒரு ரூவாக்கு இட்லி, அஞ்சு ரூவாக்கு சாம்பார் சோறு, மூணு ரூவாக்கு தயிர் சோறு. வரிசையில என் முன்னாடி சித்தூர்க்காரரு, பின்னாடி திருவண்ணாமலை அம்மா, எல்லார் வீட்லயும் ஒருத்தர் மேல வார்டுல படுத்திருக்காங்க. தட்ட நீட்டினா சுடச்சுட விழும். நான் கை நடுங்கிகினு நின்ன ஒரு நாளு, சோறு போடற அக்கா "மொதல்ல சாப்புடு தம்பி, அப்புறம் மேல போ"ன்னு சொல்லிச்சு. எந்த கார்டுலயும் அந்த வார்த்தை போட்டிருக்காது.

நாள கழிச்சு நான் பண்டலோட மெட்ராஸ் போறேன். எதிரணி தங்கச்சியும் மச்சானும் புள்ளைங்களும் கூட வரட்டும், சாப்பாடு என் செலவு. ஆனா பன்னெண்டரைக்கெல்லாம் டோக்கன் வாங்கிடணும்மா, லேட் பண்ணா வத்தக்கொழம்பு தீந்துடும். வணக்கம்.