சிறுநீரக நீர்க்கட்டியும் பிரஷரும்

நேயர்களுக்கு வணக்கம். வயிற்று வலிக்கென்று ஸ்கேன் எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் கடைசி வரியாக, ‘வலது சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி, 3 செ.மீ.’ என்று இருக்கும். அந்த ஆளுக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டென்றால், “கட்டியை எடுத்துட்டா மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று கேட்காமல் இருக்க மாட்டார். பெரும்பாலும் முடியாது.

இது மெல்லிய சுவருள்ள, தெளிந்த நீர் நிரம்பிய பை. வயது ஏற ஏறப் பலருக்கும் வரும். பிரஷரும் அந்த வயதில்தான் எட்டிப்பார்க்கும். கூடவே இருப்பதால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று ஆகிவிடாது. சினைப்பை நீர்க்கட்டிக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இது சிறுநீரகக் கல்லும் இல்லை.

ஆனாலும் சில கட்டிகள் பிரஷரை ஏற்றிவிடும். பெரிதாகி, சிறுநீரகச் சதையையோ ரத்தக்குழாயையோ அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் குறையும். உடம்பிலேயே ரத்த ஓட்டம் குறைந்துவிட்டதென்று ஏமாந்து சிறுநீரகம் பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதன் விளைவாகக் குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் தங்கும், பிரஷர் ஏறும். 1934இல் கோல்ட்பிளாட் என்ற ஆய்வாளர் நாயின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கியபோதும், 1939இல் பேஜ் என்ற ஆய்வாளர் சிறுநீரகத்தைச் செலோபேன் தாளால் சுற்றியபோதும் பிரஷர் ஏறத்தான் செய்தது. இப்படி அழுத்தும் கட்டியிலிருந்து ஊசியால் நீரை எடுத்ததும் சிலருக்குப் பிரஷர் இறங்கியதுண்டு. ஆனால் நீரை மட்டும் எடுத்தால் பை மறுபடி நிரம்பும். அதனால் ஆல்கஹால் போன்ற மருந்தை உள்ளே செலுத்திச் சுவரை ஒட்டவைப்பார்கள்.

இரண்டு பக்கமும் பல கட்டிகள், அப்பா அம்மாவில் ஒருவருக்கு டயாலிசிஸ், முப்பது வயதிலேயே பிரஷர் என்றால் அது பரம்பரை நோயாக இருக்கலாம். சுவர் தடித்திருக்கிறது, உள்ளே தடுப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தால் அது சாதாரணக் கட்டி என்ற கணக்கில் வராது. இந்த இரண்டுக்கும் தாமதிக்காமல் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்கள் முதலில் பிரஷரைச் சரியாக அளந்துகொள்ள வேண்டும். குமுளி ஏலத்தோட்டத்து ஜீப்பில் குலுங்கி வந்து இறங்கிய கையோடு கையை நீட்டக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் அளவு ஏறும், கழித்துவிட்டு வாருங்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ, பீடி வேண்டாம். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைமேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். வீட்டில் சில நாள் பார்த்தும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது பிரஷர்தான். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தூக்குவாளிக் கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் இறங்காதுதான். ஆனால் நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து உப்பு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கூடை சுமந்த இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, பெரும்பாலான கட்டிகளைவிடச் சிறுநீரகத்துக்குக் கெடுதல், பிரஷரையும் ஏற்றும்.

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த ஸ்கேன் தேனியில் எடுத்தாலும் கோட்டயத்தில் எடுத்தாலும், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட அந்தத் தாள்தான் வேண்டும்.