பின்காற்றில் போகிறவனுக்கும் வேகம் வேண்டும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஆடிக் காற்றில் பந்தல் படபடக்கிற சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உடுமலைப் பெரியோர்களுக்கும் வணக்கமுங்க.

'பின்காற்றில் பாய் விரிக்கும் கடலோடிக்கு முக்கியம் வேகமா, நிதானமா?' இதுதான் தலைப்பு. கடலே இல்லாத ஊரில் இது எதற்கு என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். கடல் இல்லைதான், ஆனால் காற்று இருக்கிறதே! பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து நம் தென்னைகளைக் கிழக்கே சாய்க்கிற மேகாற்றோடு பிறந்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணவாய் வழியாகத்தான் ஒரு காலத்தில் படியூர்ப் பச்சைக்கல்லும் கொடுமணல் மணிகளும் மேற்குக் கடற்கரையில் இருந்த சேரர்களின் முசிறித் துறைமுகத்துக்குப் போயின. அவற்றை வாங்க வந்த கப்பல்கள் எல்லாம் பாய்க்கப்பல்கள்.

எதிரணித் தலைவர் அந்தக் கப்பல்களைத்தான் தன் பக்கம் இழுத்தார். பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்களே, அது நிதானம் இல்லையா என்றார். காத்திருந்தது உண்மை. காற்று வந்த பிறகு? செங்கடல் வாயிலில் இருந்த ஒக்கேலிஸிலிருந்து முசிறிக்கு 40 நாளில் வந்துவிடலாம் என்று ரோமானியரான பிளினி நாள் எண்ணி எழுதியிருக்கிறார். வேகம் பொருட்டே இல்லை என்றால் அந்த நாற்பதை எதற்கு எண்ணினார்கள்? பருவம் முடிவதற்குள் வந்து, சரக்கை மாற்றி, டிசம்பர் வாக்கில் திரும்பு காற்றையும் பிடித்தாக வேண்டும். தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

சரி, அது பழைய கதை. அவர்கள் சொன்னதில் முக்கியமானது இதுதான்: "பின்னாலிருந்து காற்றே தள்ளுகிறது. பாயை விரித்துவிட்டுச் சும்மா இருந்தால் ஊர் போய்ச் சேரலாம். வேகம் பந்தயக்காரனுக்கு, பயணம் போகிறவனுக்கு எதற்கு?" கேட்க நன்றாக இருக்கிறது. கடலில் இது நடக்காது.

இந்த மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு டிவிஎஸ் 50-இல் வந்திருக்கிறீர்களா? காற்றும் நாற்பது, வண்டியும் நாற்பது என்று வையுங்கள். சட்டை ஆடாது. சாலைப் புழுதி கூடவே வரும். காற்றே செத்துப்போன மாதிரி இருக்கும். கோமங்கலத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்துங்கள். அடுத்த நொடி சட்டை முதுகில் அறையும், தலையில் கட்டிய துண்டு பறக்கும். காற்று கூடவில்லை, நாம் நின்றோம், அவ்வளவுதான்.

பாய்மரப் படகிலும் இதே கணக்குதான். கடலில் வேகத்தை 'நாட்' என்பார்கள், ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். பின்காற்று 15 நாட், படகு 6 நாட் என்றால் பாய் உணர்கிற காற்று 9 நாட்தான். படகு ஏதோ காரணத்தால் நின்றுபோனால் பாய் மேல் முழுசாக 15 விழும். காற்றின் அடி அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒன்பதுக்கு 81, பதினைந்துக்கு 225, கிட்டத்தட்ட மூன்று மடங்கு! ஓடுகிற படகில் பாயும் மரமும் கயிறும் பெறுகிற ஓய்வு, நின்றுபோன படகுக்குக் கிடைக்காது. எதிரணி தேடுகிற நிதானத்தைக் கொடுப்பதே அந்த ஓட்டம்தான் ஐயா.

இன்னொன்று, பின்காற்றில் நேர்கோடு பிடித்துப் போவது நல்ல வழியாக இருப்பது குறைவு. 100 கடல் மைல் தூரம். காற்றை முதுகில் நேராக வாங்கி 5 நாட்டில் போனால் 20 மணி நேரம். அதே படகை 30 பாகை திருப்பி, காற்றைச் சற்றே பக்கவாட்டில் வாங்கி, பாதி வழியில் பாயை மறுபக்கம் மாற்றி வளைந்து போனால் தூரம் சுமார் 115 மைல் ஆகும். ஆனால் பக்கக்காற்றில் பாய் நன்றாக இழுக்கும். வேகம் 6 நாட் ஆனால் பத்தொன்பதேகால் மணியில் கரை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற நமக்கு, சுற்றுவழி வீண் வழி இல்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகம் ஐந்தரைதான் கிடைக்கிறது என்றால் 21 மணி ஆகிவிடும், அப்போது அவ்வளவு திருப்பக் கூடாது. எந்தக் கோணம் என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா இருக்கிற வேலையா இது?

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்னையில் வேலை பார்த்த வருஷங்களில் ஞாயிறுதோறும் ஒற்றை ஆள் பாய்ப்படகு பழகினேன். ஒரு சாயங்காலம், காற்று நேர் முதுகில். இனி வேலையில்லை என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். படகு மெல்ல மெல்லப் போயிற்று. பின்னால் வந்த அலைகள் ஒவ்வொன்றாகப் படகைத் தாண்டின. தாண்டும்போதெல்லாம் வலதும் இடதுமாக ஆட்டம். கையில் சுக்கான் பிடி, மாடு கட்டாத தும்பைப் பிடித்த மாதிரி தொளதொளவென்று இருந்தது. திருப்பினால் படகு கேட்கவில்லை. ஓர் ஆட்டத்தில் காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது, பாயின் அடிக்கம்பம் வீசிக்கொண்டு வந்து காதோரம் உரசிப் போயிற்று. அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தேன். அன்றைக்குப் பெரிய காற்றே இல்லை. சுக்கானைச் சுற்றித் தண்ணீர் விரைந்து ஓடினால்தான் அது படகைத் திருப்பும். படகு ஓடாவிட்டால் சுக்கான் வெறும் பலகை. அடுத்த வாரம் அதே இடத்தில் சற்றே கோணம் திருப்பி ஓட்டினேன். பாய் ஒரு பக்கமாகவே அழுத்தி நின்றது, ஆட்டம் குறைந்தது. பிடியில் தண்ணீரின் அதிர்வு விரலுக்குத் தெரிந்தது.

சுஹைலியைச் சொன்னார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா. மும்பையில் கட்டிய 32 அடிப் படகு. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் அதில் தனியாக, எங்கும் நிற்காமல், 312 நாளில் உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22-இல் கரை சேர்ந்தார். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றும் அந்தப் போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே, அதுவும் மெதுவான படகில். எல்லாம் சரிங்க. ஆனால் அவர் 1968 ஜூன் 14-இலேயே கிளம்பிவிட்டார். அதே போட்டியில் பெரிய படகு வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மொய்தெசியே ஆகஸ்டில்தான் கிளம்பினார். தன் படகில் இல்லாத வேகத்தை நாக்ஸ் ஜான்ஸ்டன் முன்கூட்டிய நாட்களாக வாங்கிக்கொண்டார். வேகத்தைக் கணக்கில் எடுக்காதவர் இப்படிச் செய்வாரா?

அந்த மொய்தெசியேயைத்தான், பந்தயத்தைப் பாதியில் விட்ட ஞானி என்று எதிரணியில் கடைசியாகப் பேசியவர் கொண்டாடினார். எனக்கும் அவரைப் பிடிக்கும். அதனாலேயே எதிரணி நண்பர் சொல்லாமல் விட்டதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் போட்டிக்கு முன்பு, 1965-66-இல், மனைவியோடு ஜோஷுவா என்ற இரும்புப் படகில் பசிபிக் தீவான தாஹித்தியிலிருந்து, தென் அமெரிக்காவின் தென்கோடி முனையான கேப் ஹார்ன் சுற்றி ஸ்பெயினுக்கு வந்தார். தென்கடலில் பெரும்புயல். அன்றைய வழக்கப்படி வேகத்தைக் குறைக்கக் கனமான கயிறுகளைப் படகின் பின்னால் இழுபட விட்டிருந்தார். எதிரணி கேட்கிற அதே நிதானம்! படகு சுக்கானுக்கு அடங்கவில்லை, அலை மேலே வந்து விழுந்தது. கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்துவிட்டார். படகு ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு அலையையும் நேர் பின்னால் வாங்காமல், 15, 20 பாகை கோணத்தில் வாங்கி ஓட்டினார். படகு சொன்னபடி கேட்டது. இருவரும் பிழைத்தார்கள்.

எல்லாப் படகுக்கும் எல்லாப் புயலுக்கும் இதுவே வழி என்று நான் சொல்ல மாட்டேன். கயிறு இழுத்துப் பிழைத்தவர்களும் உண்டு. அலைச் சரிவில் மிதமிஞ்சி ஓடி முன்னலையில் மூக்கைக் குத்தினால் படகு கவிழும். அங்கேயும் கடலோடி பார்ப்பது வேகத்தைத்தான், எவ்வளவு என்று.

பந்தயத்தை விட்ட பிறகு மொய்தெசியே என்ன செய்தார்? பாயை இறக்கவில்லை. நிற்காமல் ஓடி, உலகை ஒன்றரைச் சுற்று சுற்றி, 1969 ஜூனில் தாஹித்தி போய்ச் சேர்ந்தார். அவர் வேண்டாம் என்றது பரிசை.

மணி அடித்துவிட்டது. எங்கள் அணிக்கே தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேனுங்க. நன்றி.