எண்ணிக்கையும் மனசாட்சியும்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவம், ஜனநாயகம் என்று பேச்செடுத்தாலே, கடவுள் முன் எல்லோரும் சமம் என்ற போதனையில்தான் பலரும் தொடங்குவார்கள். அந்தப் போதனையை வைத்துக்கொண்டே திருச்சபை பல நூற்றாண்டுகள் மன்னர்களோடு சுமுகமாக இருந்தது. ஆகவே, அதை விட்டுவிட்டு, திருச்சபைக்குள் நடந்த வாக்கெடுப்புகளுக்கே நேராக வருவோம்.

ஆறாம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் வகுத்த ஒழுங்குப்படி, மடத்தின் தலைவரைத் துறவிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். கருத்து ஒன்றுபடாவிட்டால், சிறு பிரிவானாலும் தெளிந்த அறிவுள்ளோர் முடிவே செல்லும். நல்லதுதான். தெளிந்தவர் யார் என்று யார் சொல்வது?

1159இல் ரோமில் இது கைகலப்பிலேயே முடிந்தது. கர்தினால்களில் பெரும்பான்மையினர் ரோலண்டோவைப் போப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் போப் பதவிக்கான செம்மேலங்கியைப் போர்த்தும்போது எதிரணியின் ஒக்தாவியானோ அதைப் பறித்தார். அது கைவிட்டுப் போனதும், வேறொன்றை அவசரமாகப் போர்த்தியதில் முன்பக்கம் பின்னால் போய்விட்டது. ரோலண்டோ தரப்பு எழுதிவைத்த விவரம் இது. கொஞ்சம் காரம் கூடியிருக்கலாம். நாங்களே தெளிந்த தரப்பு என்றது எதிரணி. அவர்கள் பக்கம் நின்ற பேரரசர் ஃபிரெடெரிக் சமாதானத்துக்கு வர 1177 ஆயிற்று.

1179இல் ரோமில் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் விதியை மாற்றியது: மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற்றவரே போப். திருச்சபையின் மற்றத் தேர்தல்களில் பழைய முறை தொடரலாம். தகராறு வந்தால் தீர்த்துவைக்க மேலிடம் உண்டு. போப்புக்கு மேல் ஆளில்லை. எனவே தலையை எண்ணுவதைத் தவிர வழியில்லை. மக்களாட்சிக்கும் இதைவிட உறுதியான நியாயம் எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ணிக்கைக்கு எல்லை உண்டா? 1636இல் அமெரிக்காவில் ராஜர் வில்லியம்ஸ் என்ற போதகர் நிறுவிய பிராவிடன்ஸ் ஊரின் உடன்படிக்கை, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவோம், ஆனால் உலகியல் காரியங்களில் மட்டும் என்றது. சமயத்தில் அரசு தலையிடாது என்ற அந்த நிலைக்குக் கத்தோலிக்கத் திருச்சபை வந்துசேர வெகுகாலம் பிடித்தது. போப் ஒன்பதாம் பயஸ் 1864இல் கண்டித்த 80 கூற்றுகளில், கத்தோலிக்கமே அரசின் ஒரே மதமாக இருக்க வேண்டியதில்லை என்பதும் ஒன்று. தவறான கொள்கைக்கு உரிமை ஏது என்பதே வாதம்.

1965 டிசம்பர் 7 அன்று உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையில் வேறு முடிவு எடுத்தது. ஆதரவு 2,308, எதிர்ப்பு 70. உரிமை கொள்கைக்கு அல்ல, மனிதருக்கு. ஆயர் பிரசங்கிக்கலாம், கடுமையாக மறுத்தும் எழுதலாம். விசுவாசத்துக்காக யாரையும் கட்டாயப்படுத்தும்படி அரசைக் கேட்க முடியாது. பொது ஒழுங்கைக் கெடுக்காதவரை, உண்மையைத் தேடும் கடமையையே தட்டிக்கழிப்பவருக்கும் அந்த உரிமை உண்டு என்று அறிக்கை தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது.